முருங்

ரோஸ் அட்டைப் புத்தகம்.
உள்ளே என் எடை, என் ரத்தம்,
பிள்ளையின் இதயத்துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு.
ஏழாம் மாதத்துப் பக்கத்தில்
மிஸ்ஸி ரொஸ்னானி நீல மையில் எழுதிய
ஒற்றைச் சொல்: முருங்.

இதென்ன, என்றான் லோகேந்திரன்.
மலாய்ப் பேச்சு அவனுக்கு மில் கேட்டுவரைதான்.
ரத்தம் குறைச்சல், முருங்கை சாப்பிடணுமாம், என்றேன்.
நம்பினான்.
மறுநாள் செம்பனை லோரியை விட்டுவிட்டு
யார் வேலியிலோ ஒடித்த கொப்புகளை
மோட்டாருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான்.
ஊத்தான் மெலிந்தாங் முழுவதற்கும்
சொதி வைக்கலாம், அவ்வளவு.

எஸ்.பி.எம்.மில் மலாய்க்கு ஏ வாங்கியவள் நான்.
முருங் என்றால் என்னவென்று
எனக்குத் தெரியும்.

அன்று கிளினிக்கில் பத்துக் கேள்விகள்.
கடந்த ஏழு நாளில்
சிரிக்க முடிந்ததா, தூங்க முடிந்ததா,
காரணமில்லாமல் பயந்தாயா.
நல்ல பிள்ளையாக ஒன்பதுக்கும் கோடு போட்டேன்.
பத்தாவதை இங்கே எழுத மாட்டேன்.
பேனா அதன்மேல் நின்றுவிட்டது.
மிஸ்ஸி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்,
தாவாமாலார், என்றாள்,
என் பெயரை அவ்வளவு நீளமாய்
யாரும் கூப்பிட்டதில்லை.
டாக்டரைப் பார்க்கத் தேதி தந்தாள்.
நான் போகவில்லை.

வீட்டில் அதற்கு வேறு பெயர்கள்.
மாமி: மசக்கை.
நாத்தனார்: ஏழு மாசத்துக்கு என்ன மசக்கை, கண்ணூறு.
பேறுக்கு முந்தின நாள்வரை பால் வெட்டினார்களே அந்தக் காலத்தில்,
இதை மூன்று பேர் சொன்னார்கள்.
மூன்று பேரும் ஆண்கள்.
முழங்கைவரை வளையல் போட்டார்கள்.
வயிற்றுக்குள் கேட்குமாம் அந்தச் சத்தம்.
எனக்குக் கேட்கவில்லை.
படங்களில் சிரித்திருக்கிறேன்,
நன்றாகவே.

கீரை ஆய மூன்று மணிக்கு உட்கார்ந்தேன்.
ஏழு மணிக்கு அவன் வந்தபோது
அதே ஈர்க்கு கையில்.
குசினியில் விளக்கில்லை.
உள்ளே பிள்ளை உதைத்தது,
பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற மாதிரி.

முருங்கை இல்லை, என்றேன் இருட்டில்.
பிறகு அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னேன்.
நான் என்ன குறை வைத்தேன், என்றான்.
அந்த இடத்தில் கேட்கக்கூடாத கேள்வி.
அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்,
எதிரே குந்தி
கொப்பை வாங்கி உருவ ஆரம்பித்தான்.
இலையோடு காம்பும் விழுந்தது.
நான் திருத்தவில்லை.

டாக்டர் ஹேமசுந்தரிக்கு என் தங்கை வயதுதான்.
நீங்கள் சோம்பேறி இல்லை, கெட்ட அம்மாவும் இல்லை,
இது நோய், என்றார்,
நீரிழிவைச் சொல்வது போல.
மாத்திரை பிள்ளைக்கு?
மாத்திரைக்கு ஒரு கணக்கு இருக்கிறது,
இப்படியே விட்டால் அதற்கும் ஒரு கணக்கு,
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.
பார்த்தோம்.
குறைந்த அளவில் ஒன்று, இரவில்.
வாரம் ஒரு மணி நேரம் பேச்சு,
தெலுக் இந்தானில். பஸ்ஸில் போனேன்.
முதல் வாரம் பேசவேயில்லை. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

வேதாளம் திரும்ப முருங்கை மரம் ஏறுமா, டாக்டர்?
சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.
ஏறலாம். பெற்ற பிறகும் ஏறலாம்.
அதனால்தான் அடுத்த தேதி போடுகிறேன்.

புத்தகத்தில் இப்போது மஞ்சள் ஒட்டுத்தாள்.
மாமி அதைச் செய்தித்தாள் போட்டு மூடி வைக்கிறார்.
நான் எடுத்துவிடுகிறேன்.

மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ,
மழை விட்டிருந்தது,
மில்லிலிருந்து அந்த நாற்றம் வந்தது,
வெந்த செம்பனைக் குலையும் சேறும் கலந்தது,
இந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் கவனிக்காதது.
மாதக்கணக்கில் எனக்கு எதுவுமே மணக்கவில்லை.
சீ, என்று ஜன்னலைச் சாத்தப் போனேன்.

கொண்டியில் கை வைத்த பிறகுதான் தெரிந்தது
எழுந்திருக்கிறேன் என்று.